ஏகாம்பரம் ஓரம் கட்டிய லாரி

ஏகாம்பரம் மின்சாரம் பாய்ந்துதான் இறந்தார் என்பது உடற்கூறாய்வில் உறுதியாகியிருக்கிறது. வழக்கை விசாரிக்கும் காவல் உதவி ஆய்வாளர் நேற்று மாலை தொலைபேசியில் இதை என்னிடம் சொன்னார். மாரடைப்பு என்றும் பாம்புக்கடி என்றும் கேள்விப்பட்டு என்னிடம் விசாரித்த பத்திரிகை நண்பர்களுக்கு முதலில் இதைத் தெரிவித்துவிடுகிறேன். ஜமுனாமரத்தூரில் தம் வீட்டின் பின்புறம் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் விழுந்தார். வயது ஐம்பத்தெட்டு. வேலூரில் நான் மாவட்டப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் ஜவ்வாது மலைக்கு அவர்தான் எங்கள் பகுதிநேர நிருபர்.

செய்தி எனக்கு மலையிலிருந்து வரவில்லை. புனேயிலிருந்து வந்தது. அங்கே கார் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவருடைய மகன் பிரபு சாயங்காலம் என்னை அழைத்தான். அதற்கு முன் அவன் எனக்குப் போன் செய்ததே கிடையாது. ஜமுனாமரத்தூரில் உடனே வீட்டுக்குப் போய்ப் பார்க்கக்கூடியவர் யாராவது எனக்குத் தெரியுமா என்று கேட்டான். ஏன் என்றதற்கு, "நைனா தண்ணி ஊத்திட்டு வர்றேன்னு எந்திரிச்சுப் போனாரு சார். இன்னும் வரல. அம்மா போன் எடுக்கல" என்றான். அன்று சந்தை நாள். அவனுடைய அம்மா மல்லிகா சந்தையில் இருந்தார். நான் ஏகாம்பரத்தின் எதிர்வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தகவல் வரும்வரை பிரபுவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவன் மறுபடி மறுபடி அழைத்தான். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

எர்த் குழி என்றால் என்னவென்று எனக்கு விளக்கியவர் ஏகாம்பரமேதான். சில வருடங்களுக்கு முன் மலைக் கிராமம் ஒன்றில் எர்த் குழியருகே ஓர் ஆடு செத்துப்போன செய்தியை அனுப்பியிருந்தார். ஆடு செத்ததை மாவட்டப் பக்கத்தில் போட முடியுமா என்று கேட்டேன். "ஆடுன்றதால தான் சார் இப்ப சொல்றேன். அடுத்தது ஆளு" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். மின்சாரம் ஒரு கம்பியில் வீட்டுக்குள் வந்து இன்னொரு கம்பியில் திரும்பிப் போக வேண்டும். திரும்பும் கம்பி சரியில்லாமல் போனால் விளக்கு மங்கும். மலையில் சிலர் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மின்கசிவை மண்ணுக்குள் இறக்குவதற்காகத் தோண்டிய எர்த் குழியில் நட்ட இரும்புக் குழாயிலிருந்து ஒரு வயரை இழுத்து, திரும்பும் கம்பிக்குப் பதிலாக அதை மாட்டிவிடுகிறார்கள். விளக்கு பளிச்சென்று எரியும். வெயிலில் குழி காய்ந்தால் மறுபடி மங்கும். உடனே யாராவது ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய்க் குழியில் ஊற்றுவார்கள். வீட்டில் ஓடும் மின்சாரம் முழுவதும் அந்தக் குழாய் வழியாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது ஊற்றுகிறவருக்குத் தோன்றாது. ஈரக் கை, வெறுங்கால், குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறார். அந்தச் செய்தியைச் சிறியதாக வெளியிட்டோம். ஆகவே அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் வீட்டிலும் அப்படி ஒரு வயர் இருந்தது என்பது அவருக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி.

அவருக்கும் மகனுக்கும் பேச்சு நின்றுபோனதற்குக் காரணமும் ஒரு செய்திதான். ஆந்திரக் காட்டில் மரம் வெட்டப் போனதாகச் சொல்லி மலையிலிருந்து சிலரைப் பிடித்தார்கள். காவல் துறை கொடுத்த பெயர்களை ஏகாம்பரம் அனுப்பினார். நாங்கள் போட்டோம். அதில் ஒரு பெயர் பிரபுவோடு ஒன்றாகப் படித்தவனுடையது. அவன் வண்டிக்குக் கிளீனராகப் போனவன் என்று தெரிந்து சில மாதங்களில் விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தியையும் ஏகாம்பரம் அனுப்பினார், அதையும் போட்டோம். ஆனால் அதற்குள் அவனுக்கு நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றுபோயிருந்தது. அவன் மலையை விட்டே போய்விட்டான். பிரபு தகப்பனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம். அந்த ஒரு பெயரை விட்டிருந்தால் பேப்பர் நின்றா போயிருக்கும் என்று. இதை என்னிடம் சொன்னபோது ஏகாம்பரம் தன் பக்கத்து நியாயம் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. "ஒரு பேர விட்டா மத்தவங்க பேரையும் விடணும் சார். அத அவங்கிட்ட சொன்னேன். சரியாத்தான் சொன்னேன். அதுதான் தப்பாப் போச்சு" என்றார். அதன் பிறகு பிரபு அம்மாவிடம் மட்டும்தான் போனில் பேசினான்.

லாரி ஓட்டும் விளையாட்டைப் பற்றி அவருக்குச் சொன்னது மல்லிகாதான். பிரபு வேலையில்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிறான் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். சரக்கு ஏற்றிக்கொண்டு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்டிப் போக வேண்டும். சுடுவது, துரத்துவது எதுவும் அதில் இல்லை. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஒரே சாலையில் ஓட்டலாம், காதில் மைக்கை மாட்டிக்கொண்டு பேசிக்கொள்ளலாம். செய்தி தட்டச்சு செய்து அனுப்புவதற்காக முன்பு வாங்கிய கம்ப்யூட்டரில் ஏகாம்பரம் அந்த விளையாட்டை ஏற்றிக்கொண்டார். சொந்தப் பெயரிலேயே சேர்ந்தார். மகன் ஓட்டும் சாலையில் அவன் லாரிக்குப் பின்னால் போய் நின்றார். பிரபு விலகிப் போகவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "முன்னாடி வளைவு கீது, மெதுவா வாங்க" என்றானாம். அதைச் சொல்ல ஏகாம்பரம் எனக்குப் போன் செய்தார். முதல் பக்கத்தில் அவர் பெயர் வந்த அன்றுகூட அவர் எனக்கு அப்படிப் போன் செய்ததில்லை.

அதன் பிறகு பிரபுவுக்கு ஷிப்ட் இல்லாத நாட்களில் இருவரும் ஓட்டினார்கள். என்ன பேசுவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். டீசல், பாரம், பாலம், மழை என்றார். வேறொன்றும் இல்லையா என்றேன். "வேற பேச்ச எடுத்தா வண்டிய நிறுத்திடுவான் சார். ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்றார்.

இந்த வருடம் அந்த விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வந்தது. ஏகாம்பரத்தின் கம்ப்யூட்டர் அதைத் தாங்கவில்லை. படம் நின்று நின்று வந்தது. எதிரே வரும் லாரி தெரிவதற்கு முன்பே அதில் மோதிவிடுவார். பிறகு ஒருநாள் விளையாட்டு திறக்கவே இல்லை. பழைய பதிப்பில் ஓட்டுகிறவர்களும் புதிய பதிப்பில் ஓட்டுகிறவர்களும் ஒரே சாலையில் போக முடியாது. கம்ப்யூட்டரைச் சரிசெய்யாவிட்டால் மகனின் குரல் மறுபடி இல்லை. அவ்வளவுதான் விஷயம். புதியது வாங்கி அனுப்பட்டுமா என்று பிரபு அம்மா மூலமாகக் கேட்டிருக்கிறான். ஏகாம்பரம் ஒப்புக்கொள்ளவில்லை. பையன் காசில் வாங்கிய பெட்டியில் உட்கார்ந்து பையனோடு ஓட்டுவது முறையில்லை என்பது அவர் கணக்கு. உள்ளதையே பழுது பார்த்து, புளி விற்று வந்த பணத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஒடுகத்தூரில் பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சலீம் பாயிடம் போகலாம், நீங்களும் வாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார். வேலூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மலையிலிருந்து இறங்கி, பஸ் மாறி வந்திருந்தார். கம்ப்யூட்டரைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். லக்கேஜ் டிக்கெட் போடுவதற்காகக் கண்டக்டர் அது என்னவென்று கேட்டாராம். நோயாளி என்று சொல்லி டிக்கெட் இல்லாமல் வந்துவிட்டதாகச் சொன்னார்.

சலீம் பாய் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே மேலிருந்து கீழ்வரை உமித் தூசி. வீட்டில் சாமை மூட்டைகள் அடுக்கும் அறையில்தான் அந்தக் கம்ப்யூட்டரும் இருந்தது.

"இன்னாங்க இது, கம்ப்யூட்டரா, சாமை மூட்டையா?" என்றார் சலீம் பாய்.

"செய்திய சலிச்சு அனுப்புவேன் பாய். உமி உள்ளயே தங்கிடுச்சு" என்றார் ஏகாம்பரம்.

ஊதித் துடைத்த பிறகு சலீம் பாய் ஒவ்வொன்றாகச் சொன்னார். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி போட வேண்டும், நினைவகத்தை இரட்டிப்பாக்க வேண்டும். மெயின் போர்டையும் பிராசசரையும் தொட வேண்டாம், தொட்டால் செலவு கையை மீறும். படம் தெளிவாக வர கிராபிக்ஸ் கார்டு வேண்டும், அது செகண்ட் ஹேண்டில் இருக்கிறது. இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று சிறியது. போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று பெரியது. அதற்குத் தனி மின் இணைப்பு வேண்டும், ஆகவே உள்ளே இருக்கும் பவர் சப்ளையையும் பெரியதாக மாற்ற வேண்டும். சிறியதே போதும் என்பது அவர் யோசனை.

ஏகாம்பரம் பிரபுவை வீடியோவில் கூப்பிடச் சொன்னார். தம் போனிலிருந்து அல்ல, சலீம் பாய் போனிலிருந்து. லாரியில் பேசிக்கொள்ளும் இருவரும் லாரிக்கு வெளியே அப்போதும் பேசிக்கொள்வதில்லை என்பதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். சின்ன கார்டு வேண்டாம், அடுத்த வருடம் மறுபடி திக்கும், பெரியதைப் போடுங்கள் என்றான் பிரபு. கேபினட்டில் அது நுழைய இடம் இருக்கிறதா என்று அவரைக் கேளுங்கள் பாய் என்றான். இடம் பண்ணிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள் பாய் என்றார் ஏகாம்பரம்.

சலீம் பாய் போனை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, "நான் இன்னா தந்தி ஆபீஸா? ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கீது?" என்றார்.

இருவருமே சிரிக்கவில்லை. பெரிய கார்டே முடிவானது. ஹார்ட் டிஸ்க் உட்காரும் தகட்டை சலீம் பாய் ரம்பத்தால் அறுத்து அதற்கு இடம் செய்தார். மூளை பழசு, கண் மட்டும் புதுசு, அதற்கேற்றபடிதான் ஓடும் என்று சொல்லி மூடினார். பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு இன்னொன்றும் சொன்னார். முன்பைவிட இது அதிக மின்சாரம் இழுக்கும், மலையில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், வீட்டு எர்த்தையும் வயரிங்கையும் ஓர் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள் என்றார். பார்த்துவிடுகிறேன் என்றார் ஏகாம்பரம். பார்த்தாரா என்று தெரியவில்லை. எலக்ட்ரீஷியன் யாரும் வந்ததாக மல்லிகாவுக்கு நினைவில்லை.

கம்ப்யூட்டர் ஓடியது. மறுநாள் போன் செய்தார். "எதிர்ல வர்ற வண்டி நம்பர் பிளேட்டே தெரியுது சார். மின்னாடி வெறும் வெளிச்சந்தான் வரும்" என்றார். அவருடைய குரலை நான் கடைசியாகக் கேட்டது அதற்குச் சில வாரங்கள் கழித்து, மழை பெய்யாத வருடத்தில் சாமை விதைப்பு தள்ளிப்போவதைப் பற்றி.

அவர் இறந்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். வீட்டின் பின்பக்கம் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. குழியில் ஈரம் காய்ந்துவிட்டிருந்தது. எவர்சில்வர் குடம் கவிழ்ந்து கிடந்தது. இரும்புக் குழாயிலிருந்து ஒரு வயர் சுவரேறி வீட்டுக்குள் போயிற்று. அது எர்த்துக்காக மட்டும் போட்ட வயரா, திரும்பும் கம்பிக்குப் பதிலாக மாட்டிய வயரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று மின் ஆய்வுக்கு வந்தவர்கள் அடுத்த நாள் பார்த்துச் சொன்னதாக உதவி ஆய்வாளர் கூறினார். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியில் குரங்குகள் தொங்கியாடும், அதில் இணைப்பு தளர்ந்திருக்கலாம் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். அது அவருடைய ஊகம். நான் அதை உறுதிசெய்யவில்லை.

பிரபு மதியம் வந்து சேர்ந்தான். காரியங்கள் முடிந்தன. சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நடந்ததை வரிசையாகச் சொன்னான். இருவரும் ஒரு மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் முன்னால், அவன் பின்னால். அவர் கம்ப்யூட்டரின் யுபிஎஸ் கத்துகிற சத்தம் மைக்கில் கேட்டது. "வண்டிய ஓரம் கட்றேன். வோல்டேஜ் எறங்குது, தண்ணி ஊத்திட்டு வந்துட்றேன். நீ போய்டாத" என்று அவர் சொன்னார். சிக்னல் விளக்கைப் போட்டு லாரியை ஒழுங்காக ஓரம் கட்டினார். அவனும் பின்னால் நிறுத்தினான். அவர் லாரியின் சிக்னல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. முதலில் அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மைக்கில் கூப்பிட்டான். பிறகு அம்மாவுக்கு அழைத்தான். பிறகு எனக்கு.

"பேர் விஷயத்த நாங்க பேசவே இல்ல சார். இந்த வெயிலு போகட்டும், நேர்ல வந்து பேசிக்கலாம்னு இருந்தேன்" என்றான்.

சலீம் பாய் ஒடுகத்தூரிலிருந்து வந்திருந்தார். கார்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை தம்பி என்று அவன் தோளைத் தொட்டுச் சொன்னார். "உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா பாய்?" என்று பிரபு கேட்டான். சலீம் பாய் என்னைப் பார்த்தார். சிறிய கார்டைத்தான் அவர் சொன்னார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

பிரபுவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வயர் எப்போது மாட்டப்பட்டது? கார்டு வருவதற்கு முன்பே இருந்ததென்றால், பல வருடங்களாக அந்த வீட்டில் காத்திருந்த சாவு அது. கார்டு வந்த பிறகு வோல்டேஜ் போதாமல் ஏகாம்பரமே மாட்டியது என்றால், பெரிய கார்டைக் கேட்டது அவன். போன வருட வெயிலுக்கும் அவர் குழிக்குத் தண்ணீர் ஊற்றினார் என்றார் மல்லிகா. "என்னைய ஊத்த வுட மாட்டாரு. குடத்த வாங்கிக்குவாரு" என்றார். போன வருடமே ஊற்றினார் என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பிரபு எழுந்தேவிட்டான். பிறகு அவனே உட்கார்ந்தான். ஒழுங்கான எர்த் குழிக்கும் வெயிலில் தண்ணீர் ஊற்றுவது வழக்கம்தான். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வயர் பழையதாக இருந்ததா என்று என்னைக் கேட்டான். நான் அதைப் பார்த்திருந்தேன். அதில் மண் அப்பியிருந்தது. பழையது என்று சொல்லியிருந்தால் அன்று இரவு அவன் தூங்கியிருப்பான். தெரியவில்லை என்று சொன்னேன்.

ஏகாம்பரத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அவருடைய ஒரு பத்தியை. அவர் அனுப்பும் செய்தி எதுவானாலும் முடிவில், இந்த விவகாரத்தில் இன்னும் தெரியாதவை எவை, எப்போது தெரியக்கூடும் என்று எழுதியிருப்பார். பக்கத்தில் இடம் போதாத நாட்களில் முதலில் வெட்டுப்படும் பத்தி அதுதான். அடுத்த செய்தியிலும் தவறாமல் எழுதுவார். எதற்கு இந்த வீண்வேலை என்று அலுவலகத்தில் ஒருவர் அவரைக் கிண்டல் செய்தபோது, "நாம அந்த எடத்த காலியா வுட்டா படிக்கிறவன் அவனா ஒண்ணப் போட்டு நெரப்பிக்குவான். அதுக்கப்புறம் உண்மைய கொண்டாந்து குடுத்தாலும் எடம் இருக்காது" என்றார். பிரபு இப்போது அந்தக் காலி இடத்தைத் தன்னைப் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறான். ஆகவே இந்தக் கடைசிப் பத்தியை யாரும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வயரை மாட்டியது யார் என்று தெரியவில்லை. எப்போது என்று தெரியவில்லை. கம்பத்தில் இணைப்பு தளர்ந்திருந்ததா என்பதும் உறுதியாகவில்லை. வயரும் அது மாட்டியிருந்த பலகையும் மின் ஆய்வுக்குப் போயிருக்கின்றன. கம்ப்யூட்டர் காவல் நிலையத்தில் இருக்கிறது. ஆய்வறிக்கை அடுத்த வார இறுதிக்குள் வரும் என்று உதவி ஆய்வாளர் எதிர்பார்க்கிறார். வயர் மாட்டப்பட்ட காலத்தை அறிக்கை சொல்லுமா என்று கேட்டேன். சொல்லாமலும் போகலாம் என்றார். இதை இன்று காலை பிரபுவிடம் அப்படியே தெரிவித்தேன். அவன் தொழிற்சாலைக்குப் போன் செய்து, விடுப்பை அடுத்த வாரம் முடியும்வரை நீட்டித்துக்கொண்டான்.